பாதிப் படத்தில் இருந்த குமிழ்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு இந்த மழைக்காலம் முடிவதற்குள் நீல நிறம் பிடிக்காமல் போய்விடும். எனக்கு அப்படித்தான் ஆனது. நான் நீலப் புடவை வாங்குவதையே நிறுத்திவிட்டதாகக் கரமனையில் என் தங்கை எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். நான் மறுத்ததில்லை.

திருவனந்தபுரத்துக் கரையில் ஒதுங்கும் உயிர்களைப் பார்த்து இன்னது என்று சொல்வதுதான் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி. ஆடி மாதக் காற்று கடலிலிருந்து கரையைப் பார்த்து வீசும்போது, நடுக்கடலில் மிதந்து திரிகிற சின்னஞ்சிறு நீல உயிர்கள் கூட்டங்கூட்டமாகக் கரையேறும். பார்க்க வருகிறவர்கள் எல்லாவற்றையும் ஜெல்லி மீன் என்பார்கள். மீன்பிடிக்கிறவர்கள் கடல்சொறி என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நடப்பார்கள். அவர்கள் செய்வதே சரி.

அவற்றில் இரண்டை மட்டும் நீங்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிரித்துச் சொல்ல வேண்டும். ஒன்று, நீலப் பொத்தான். காசளவில் ஒரு வட்டத் தட்டு, சுற்றிலும் நீலக் குஞ்சம். தொட்டவர்களுக்குப் பெரும்பாலும் லேசான அரிப்போடு போய்விடும். மற்றது, நாம் ப்ளூ பாட்டில் என்று சொல்கிறோமே, அது. காற்றடைத்த கண்ணாடிக் குமிழ் போல ஒரு பை, அதன் முதுகில் இளஞ்சிவப்பு ஓரம், அடியில் தையல் நூலைப் போல நீல இழைகள். இழைகள் நீண்டால் ஆள் உயரத்தையும் தாண்டும். கொட்டுவது அந்த இழைகள்தான். குமிழ் செத்து மணலில் சுருங்கிக் கிடந்தாலும் இழை கொட்டும். இரண்டும் ஒரே காற்றில் வரும், ஒரே அலையில் ஒதுங்கும். இவ்வளவும் உங்களுக்குப் புத்தகத்தில் கிடைக்கும். புத்தகத்தில் கிடைக்காத ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன்.

அது கர்க்கடக வாவு நாள். நம் ஊரில் ஆடி அமாவாசை என்போம். இறந்தவர்களுக்குப் பலி, அதாவது தர்ப்பணம், கொடுக்க ஊரே சங்குமுகம் கடற்கரைக்கு வந்துவிடும். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஈரத் துணியும் தர்ப்பையும் எள்ளுச் சோறுமாக ஜனங்கள் அலையோரம் நெருக்கியடித்து நின்றார்கள். கடல் கொந்தளிப்பாக இருந்ததால் உயிர்காப்பாளர்கள் கயிறு கட்டி, முழங்காலுக்கு மேல் யாரையும் இறங்கவிடவில்லை.

முந்தைய நாள் மாலையிலிருந்தே நீலப் பொத்தான்கள் ஒதுங்கத் தொடங்கியிருந்தன. அதனால் விடிந்ததும் நானும் எங்கள் ஜீப் டிரைவர் ஷாஜியும் கரையோரம் நடந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஷாஜி மலையாளி. என்னோடு பல வருஷம் கரை சுற்றியதில் தமிழும் வந்துவிட்டது, உயிர்களின் பெயர்களும் பாதிக்கு மேல் வந்துவிட்டன.

"மேடம், இதெல்லாம் பட்டன் தன்னே. வேற ஒண்ணும் காணல," என்றான்.

நானும் வேறெதையும் காணவில்லை. அந்த நேரத்தில்தான் எங்கள் மேலதிகாரி அழைத்தார்.

"பத்திரிகைக்காரங்க விடாம கேக்கறாங்க. 'அபாயம் ஒண்ணும் இல்ல'ன்னு ஒரு வரி தாங்க. கூட்டம் பயப்படக் கூடாது."

"இதுவரைக்கும் பாத்தது நீலப் பொத்தான்தான் சார். ஆனா எதையும் கையால தொட வேண்டாம்னு சொல்லுங்க."

"அபாயமா, இல்லையா? ஜனங்களுக்கு அதுதான் தெரியணும்."

"நான் நடந்த இடத்துல இல்ல. நான் நடக்காத இடத்தைப் பத்தி எனக்குத் தெரியாது."

அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஆனால் நான் சொன்னபடியேதான் வெளியிட்டார். உங்களிடமும் ஒருநாள் இப்படி ஒரு வரி கேட்பார்கள். கேட்பவர் கெட்டவராக இருக்கமாட்டார், அவருக்கும் மேலே ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். பார்க்காத கரைக்கு நீங்கள் ஜாமீன் நிற்காதீர்கள்.

கடற்கரை நுழைவாயிலில் எங்கள் அலுவலகம் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. நீல நிற உயிர்களைக் கண்டால் தொடாமல் படமெடுத்து இந்த எண்ணுக்கு அனுப்புங்கள் என்று. அந்த எண் என் கையிலிருந்த போனுடையது. காலையிலிருந்து படங்கள் வந்தவண்ணம் இருந்தன. உள்ளங்கையில் நீலப் பொத்தான், செருப்பு நுனியில் நீலப் பொத்தான், குழந்தையின் பொம்மை வாளியில் நீலப் பொத்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரே பதிலை அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்பும்போது கண் சோம்பிவிடும். அந்தச் சோம்பலைக் கண்டு பயப்படுங்கள்.

மழைக்கு ஒதுங்கி ஜீப்பில் உட்கார்ந்திருந்தபோது இன்னொரு படம் வந்தது. கூடவே தமிழில் ஒரு செய்தி.

"மேடம் இது என்ன மீனு. பாப்பா கடல்ல இருந்து வீட்டுக்கு கொண்டாந்துட்டா. வளக்கலாமா."

சிமெண்டுத் தரையில் ஓர் எவர்சில்வர் தட்டு. தட்டில் தண்ணீர், தண்ணீரில் நீலப் பொத்தான்கள். அழகாகத்தான் இருந்தது. வழக்கமான பதிலை அனுப்ப விரலைக் கொண்டுபோனேன். அப்போது தட்டின் இடது ஓரத்தில், படம் வெட்டுப்பட்டு முடிகிற இடத்தில், எதுவோ பளபளத்தது.

பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு குமிழின் பாதி. அதன் மேல் ஓரத்தில் மங்கலாக இளஞ்சிவப்பு. தட்டின் விளிம்பில் வெளிச்சம் பட்டும் அப்படித் தெரியலாம். பிளாஸ்டிக் கவரின் நுனியாகவும் இருக்கலாம். படம் தெளிவாக இல்லை. ஷாஜியிடம் காட்டினேன். அவன் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அறியில்ல மேடம்," என்றான். அவன் குரல் இறங்கியிருந்தது.

அந்த எண்ணை அழைத்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தேன். எடுக்கவில்லை. "அதைத் தொட வேண்டாம், குழந்தைகளைத் தூர வையுங்கள், உடனே கூப்பிடுங்கள்" என்று பேசி அனுப்பினேன். அது கேட்கப்படாமலே கிடந்தது.

அந்தச் செய்தியை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். கடலிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டது. குழந்தை இருக்கிறது. வளர்க்கப் போகிறார்கள். போனை எடுக்க ஆளில்லை. இந்த நகரத்தில் எந்த வீடு?

முதலில் மேலதிகாரியை அழைத்தேன். "சார், ப்ளூ பாட்டில் இந்தக் கரையில இருக்கலாம். ஜனங்களைத் தண்ணியை விட்டு ஏத்தணும்."

"எங்கே பாத்தீங்க?"

"ஒரு படத்துல. பாதி படத்துல."

"இவ்வளவு கூட்டம். மைக்கில விஷ ஜந்துன்னு சொன்னா ஓடுவாங்க. ஈர மணல்ல நெரிசல்னா என்ன ஆகும்னு தெரியுமில்லயா? உங்களுக்கு உறுதியா?"

"உறுதி இல்ல சார். பயம் இருக்கு."

அவர் சொன்னதும் உண்மைதான். பயந்து ஓடும் கூட்டம் எந்த இழையையும் விடக் கொடியது. அதனால் அந்தச் சொல்லை மைக்கில் சொல்ல வேண்டாம் என்றேன். அலை பெரிதாகிறது என்று சொல்லி உயிர்காப்பாளர்கள் கயிற்றைப் பின்னால் இழுக்கட்டும், குடத்தில் தண்ணீர் மொண்டு வைத்துக் குளிக்கச் சொல்லட்டும், கரையில் கிடப்பதைத் தொட வேண்டாம் என்று வரிசை வரிசையாக நின்று சொல்லட்டும். அவர், "சரி, நான் பேசறேன். நீங்க போங்க," என்றார். எங்கே போகப் போகிறேன் என்று அவரும் கேட்கவில்லை, எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

படத்தை மறுபடி பார்த்தேன். இந்த முறை உயிரை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பார்த்தேன். தட்டுக்குப் பின்னால் ஒரு கோணிச்சாக்கு விரித்திருந்தது. அதில் நீல மையில் ஒரு மயில், பக்கத்தில் தமிழில் 'வத்தல்' என்ற எழுத்து. திருவனந்தபுரத்தில் தமிழ் எழுத்துப் போட்ட வத்தல் சாக்கு எங்கே கிடைக்கும்? எங்கள் வீட்டுக்கு மாதச் சாமான் எல்லாம் அப்பா ஆரியசாலையில்தான் வாங்குவார். மொத்தக் கடைகள், தமிழ் வியாபாரிகள், கடைகளுக்கு மேலே அறைகளில் கூலி வேலைக்கு வந்த குடும்பங்கள்.

"ஷாஜி, ஆரியசாலைக்கு விடு."

வாவுக்கூட்டம் சாலை முழுக்க நிறைந்திருந்தது. சாக்கை சந்திப்பைத் தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது. ஷாஜி ஹாரன் அடித்துக்கொண்டே, "ஒண்ணும் ஆகாது மேடம், கேட்டோ," என்று சொல்லிக்கொண்டு வந்தான். எனக்குச் சொன்னானா தனக்குச் சொன்னானா தெரியவில்லை. நான் அந்த எண்ணை அழைத்துக்கொண்டே இருந்தேன். வேறு ஏதோவொரு குமிழாக இருக்கட்டும், சோப்பு நுரையாக இருக்கட்டும், நான் அறிவில்லாமல் ஓடி வந்தவளாக ஆகட்டும் என்று வழி முழுக்க வேண்டிக்கொண்டேன்.

ஆரியசாலையில் விடுமுறை நாளானதால் பாதிக் கடைகள் அடைத்திருந்தன. திறந்திருந்த ஒரு மளிகை மண்டியின் வாசலில் திருநெல்வேலிக்கார அண்ணாச்சி ஒருவர் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். போனை நீட்டினேன்.

"அண்ணாச்சி, இந்த மயில் மார்க் சாக்கு யாருடையது?"

அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "இது அடுத்த சந்துல உள்ள மண்டிச் சாக்குல்லா. இன்னைக்கு அடைப்பு. என்ன வேணும் அம்மா?"

"இந்தச் சாக்கை வீட்டுல விரிச்சிருக்கா. சின்னப் பெண் குழந்தை இருக்கற வீடு. அம்மா தமிழ்."

"பேச்சியம்மா வீடா இருக்கும். அந்த மண்டிக்கு மேல்மாடிதான். கட்டட வேலைல புருசன் விழுந்து செத்துப்போனான் பாவம். இன்னைக்குத்தான் மகளக் கூட்டிக்கிட்டு அவனுக்குப் பலி குடுக்கப் போனா. திரும்பி வந்து அந்தால ஓட்டல் வேலைக்குப் போறதப் பாத்தேன்."

"குழந்தை?"

"ரெண்டு புள்ளைக. வீட்லதான் இருக்கும்." என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, தராசுத் துணியைக் கீழே போட்டார். "என்னம்மா, என்ன விசயம்? வாங்க, நான் காட்டுதேன்."

வழியிலேயே அவர் கடைப் பையனை ஓட்டலுக்கு அனுப்பினார். நாங்கள் இருட்டான மரப்படி ஏறினோம். மாடியில் வரிசையாக அறைகள். ஒன்றிலும் ஆளில்லை, எல்லோரும் கடற்கரைக்குப் போயிருந்தார்கள். கடைசி அறையின் கதவில் வெளியே பூட்டுத் தொங்கியது. பக்கத்தில் கம்பி போட்ட, தாழ்வான ஒரு சன்னல்.

ஷாஜி ஜீப்பின் ஜாக்கிக் கம்பியைக் கையோடு எடுத்து வந்திருந்தான். நேராகப் பூட்டை நோக்கிப் போனான். நான் அவன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டுச் சன்னல் வழியே பார்த்தேன்.

உள்ளே இருட்டு. நடுவில் பாய். பாயின் மேல் தவழ்கிற வயதில் ஓர் ஆண் குழந்தை, விழித்து உட்கார்ந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம், எதிர்ச் சுவரோரம், ஐந்தாறு வயதுப் பெண் ஒருத்தி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இடது கையைப் பாவாடைக்குள் மறைத்திருந்தாள். தட்டு பாய்க்கு இடதுபுறம் இருந்தது. தட்டில் குமிழ் இல்லை.

கத்த வேண்டும் போலிருந்தது. கத்தியிருந்தால் அந்தப் பெண் எழுந்து ஓடி வந்திருப்பாள், குழந்தை பயந்து அக்காவிடம் தவழ்ந்திருக்கும். குமிழ் எங்கே, இழை எங்கே என்று தெரியாமல் அந்த அறையில் யாரும் ஓர் அடிகூட நகரக் கூடாது.

"கண்ணா," என்றேன், பக்கத்து வீட்டு மாமி கூப்பிடுவது போல. "உம் பேர் என்ன?"

"தர்ஷினி."

"நான் கடல்ல வேலை பாக்கற மாமி. உங்கம்மா எனக்கு உன் மீனோட போட்டோ அனுப்பினா. அழகா இருந்துது. எழுந்திருக்காம கை எட்டினா லைட் போட முடியுமா?"

சுவிட்ச் அவள் தலைக்கு மேலே இருந்தது. வலது கையை நீட்டிப் போட்டாள். வெளிச்சம் வந்ததும் பார்த்தேன். தட்டின் விளிம்பிலிருந்து ஒரு நீல இழை தரையில் இறங்கி, குழந்தைக்கும் அக்காவுக்கும் நடுவே வளைந்து வளைந்து போய், பாயின் அந்தப் பக்கத்து ஓரத்தில் முடிந்தது. முடிகிற இடத்தில் குமிழ் இருந்தது. கட்டை விரல் அளவு. வெளிச்சத்தில் கண்ணாடி போல மின்னியது. மேலே இளஞ்சிவப்பு ஓரம்.

இனி சந்தேகமில்லை. என் வாழ்நாளில் ஓர் உயிரைச் சரியாக அடையாளம் கண்டதற்காக இவ்வளவு வருத்தப்பட்டதில்லை.

குழந்தையும் அதைப் பார்த்துவிட்டது. வெளிச்சம் வந்ததால்தான் பார்த்தது. வாயில் எச்சில் ஒழுக, கையை நீட்டிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பியது.

தர்ஷினியிடம் தம்பியைத் தூக்கு என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவள் வர வேண்டுமானால் இழையை மிதிக்க வேண்டும். மறைத்து வைத்திருந்த கையில் என்ன ஒட்டியிருக்கிறது என்றும் எனக்குத் தெரியாது.

"ஷாஜி, சாவி," என்றேன்.

அவன் ஜீப் சாவிக் கொத்தை என் கையில் திணித்தான். கம்பிக்குள் கையை விட்டுக் குலுக்கினேன். குழந்தை திரும்பிப் பார்த்தது. மறுபடி குமிழைப் பார்த்தது. நான் இன்னும் குலுக்கினேன்.

"தம்பிக்குச் சாவி பிடிக்குமா தர்ஷினி?"

"பிடிக்கும். வாயில வைப்பான்."

"நீ அங்கேயே இருந்து, 'போ, மாமிகிட்டப் போ'ன்னு சொல்லு. நீ எழுந்திருக்கக் கூடாது, கேட்டோ."

"போடா தம்பி. மாமிட்டப் போ," என்றாள் அவள். குரல் ஒடுங்கிப் போயிருந்தது.

குழந்தை இரண்டு கையையும் ஊன்றியது. எந்தப் பக்கம் தவழப் போகிறது என்று அதற்கே தெரியவில்லை. எனக்குப் பின்னால் அண்ணாச்சி முருகா முருகா என்று முணுமுணுப்பது கேட்டது. சாவியைக் கம்பியில் தட்டினேன். குழந்தை சிரித்தது. சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்து வந்தது. பாயை விட்டு இறங்கி, வெறுந்தரையில், ஓர் இழையும் இல்லாத பக்கமாக வந்தது. சன்னலைப் பிடித்து எழுந்து நின்றதும், இரண்டு கையையும் கம்பிக்குள் விட்டு அதன் சட்டையோடு சேர்த்து இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"இப்போ அடி."

ஷாஜி அடித்த அடியில் மரப்படியெல்லாம் அதிர்ந்தது. குழந்தை வீறிட்டு அழுதது, துள்ளியது, என் கையைக் கடித்தது. நான் விடவில்லை. பூட்டு தெறித்தது.

தோள்பையில் எப்போதும் இருக்கும் கையுறையைப் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். முதலில் குழந்தையின் உள்ளங்கை, வாய், முழங்கால் எல்லாம் பார்த்தேன். ஒன்றுமில்லை. அதை அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டு, குமிழையும் இழையையும் இடுக்கியால் எடுத்து ஜாடியில் போட்டேன். பிறகு தர்ஷினியின் முன்னால் உட்கார்ந்தேன்.

"கையைக் காட்டு கண்ணா."

"அடிப்பீங்களா?"

"மாட்டேன்."

பாவாடைக்குள்ளிருந்து கையை எடுத்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பாசிமணி கோத்தது போலச் சிவந்த தடிப்பு, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல வரிசை. விரல்கள் வீங்கியிருந்தன. இவ்வளவு வலியோடு இந்தப் பெண் சத்தமே போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

மாதிரிகள் எடுப்பதற்காக ஜீப்பில் எப்போதும் ஒரு கேன் கடல்நீர் இருக்கும். ஷாஜி ஓடிப் போய்க் கொண்டுவந்தான். நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது, தேய்க்கவும் கூடாது. மீந்திருக்கிற கொட்டுச் செல்கள் வெடித்துவிடும். கடல்நீரை ஊற்றி ஊற்றி, ஒட்டியிருந்த இழைத் துணுக்குகளை இடுக்கியால் எடுத்தேன்.

ஜீப்பில் போகும்போது தர்ஷினி வாந்தி எடுத்தாள். நெஞ்சு முட்டுது மாமி என்றாள். மூச்சு மேலும் கீழுமாக வாங்கியது. இதுவரை பயப்பட்டதெல்லாம் ஒன்றுமில்லை என்று தோன்றும்படி ஒரு பயம் அப்போது வந்தது. உயிரினத்தைப் பற்றி எனக்குத் தெரியும். ஒரு சின்ன உடம்பு அதை எப்படித் தாங்கும் என்று எனக்குத் தெரியாது. அவளை மடியில் சாய்த்துக்கொண்டு, கடலைப் பற்றி என்னென்னவோ பேசிக்கொண்டு போனேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் இருந்தார். பாம்பா, பூச்சியா, எதுவென்று கேட்டார். ஜாடியைத் தூக்கி மேஜைமேல் வைத்துப் பெயரைச் சொன்னேன்.

"ஷ்யூர் ஆணோ மேடம்? இதான் கடிச்சதுன்னு உறுதியா சொல்லலாமா?"

"உறுதி. குழந்தையோட கையிலேர்ந்து எடுத்த இழையும் இதுலதான் இருக்கு."

சிகிச்சை பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெந்நீர்ப் பாத்திரம், ஊசி, மூச்சுக்கான குழாய் எல்லாம் அவர்கள் பாடு. வைத்தியத்தைப் பற்றி நாம் படித்த நாலு கட்டுரையை அங்கே எடுத்து விடக் கூடாது. வினிகர் ஊற்றலாமா கூடாதா என்று நர்ஸ் கேட்டபோதும், அதில் கருத்து வேறுபாடு இருக்கிறது, டாக்டரைக் கேளுங்கள் என்றேன். ஜாடி மட்டும் கையில் இல்லாமல் போயிருந்தால் அவர்கள் பாம்புக்கும் பார்க்க வேண்டியிருந்திருக்கும், நேரம் போயிருக்கும். எதை மறந்தாலும் கடித்ததைக் கையோடு கொண்டு போக மறக்காதீர்கள்.

பேச்சியம்மாள் ஓடி வந்தாள். கையெல்லாம் வெங்காயச் சருகு. காலையில் கொடுத்த பலியின் ஈரம் தலைமுடியில் இன்னும் காயவில்லை. அண்ணாச்சி கையில் இருந்த குழந்தையைப் பிடுங்கி இறுக்கிக்கொண்டு, மகள் இருந்த அறைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அழக்கூட இல்லை.

"அவுகளுக்கு எள்ளும் தண்ணியும் விட்டுட்டு வந்த கையி. இந்தக் கையால இவளுக்கும் விட வச்சிராதீங்கம்மா," என்றாள் என்னிடம்.

சிறிது நேரம் கழித்து என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "பூட்டிட்டுப் போனத யாருட்டயும் சொல்லிராதீங்க. பக்கத்து ரூம் அக்கா வந்திருவேன்னு சொன்னாவ. நம்பிப் போயிட்டேன். ஓட்டல்ல போன வாங்கி வச்சிருவாவ. போலீசுன்னு வந்தா புள்ளையள எங்கயாச்சும் கொண்டு போயிருவாவ."

டாக்டர் என்னிடம் எப்போது, எங்கே, எது என்று கேட்டிருந்தார். மூன்றுக்கும் தெரிந்ததைச் சொல்லியிருந்தேன். பூட்டைப் பற்றி அவர் கேட்கவில்லை. பத்திரிகைக்காரர்கள் பிறகு கேட்டார்கள், நான் கடலைப் பற்றி மட்டும் பேசினேன். அண்ணாச்சிதான் பேச்சியம்மாளிடம், "நாளையிலேர்ந்து ரெண்டையும் என் கடையில விட்டுட்டுப் போ. இனிமே பூட்டுக் கீட்டுன்னா நானே சொல்லிருவேன், பாத்துக்க," என்றார். சொன்னபடி அவர் செய்தார்.

மத்தியானத்துக்குள் சங்குமுகத்தில் இன்னும் சில ப்ளூ பாட்டில்கள் ஒதுங்கியதாக மேலதிகாரி அழைத்துச் சொன்னார். இரண்டு மூன்று பேருக்குக் காலில் கொட்டியிருந்தது, பெரிதாக ஒன்றுமில்லை. கயிற்றைப் பின்னால் இழுத்ததால் கூட்டம் தண்ணீருக்கு வெளியே இருந்தது, யாரும் ஓடவில்லை. "நீங்க அந்தப் பாதிப் படத்துல பாத்தது..." என்று ஆரம்பித்தவர், முடிக்காமல், "குழந்தை எப்படி?" என்றார். இன்னும் தெரியவில்லை என்றேன்.

சாயங்காலம் ஆகும்போது மூச்சு சீரானது. வலியும் குறைந்தது. இரவு முழுக்க வைத்துப் பார்க்க வேண்டும், ஆனால் இனிப் பயமில்லை என்று டாக்டர் சொன்னார். பேச்சியம்மாள் அப்போதுதான் அழுதாள். தரையில் உட்கார்ந்து, சத்தம் வெளியே வராமல் முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

டாக்டர் தர்ஷினியிடம், முதலில் எப்போது எரிந்தது என்று கேட்டார்.

"கடல்ல வெச்சே," என்றாள். "கவர்ல எடுத்துப் போடும்போது."

"அப்பவே அம்மாட்ட ஏன் சொல்லல?"

"அம்மா கரைஞ்சிட்டிருந்தா. அப்பாவுக்குச் சோறு வெச்சிட்டு."

கரைவது என்றால் அழுவது. பள்ளிக்கூடத்து மலையாளம். பஸ்ஸில் வழி முழுக்கக் கையைப் பாவாடைக்குள் வைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து அம்மா வேலைக்குப் போனபின், எரிகிற அதே கையால் மறுபடி அந்தக் குமிழைத் தூக்கித் தம்பியிடம் காட்டப் போயிருக்கிறாள். அது மறுபடி கொட்டவும் உதறிப் போட்டுவிட்டுச் சுவரோரம் போய் ஒண்டிக்கொண்டாள்.

"கடிச்சதை எதுக்குடி திரும்ப எடுத்தே?" என்று பேச்சியம்மாள் கேட்டாள்.

"தம்பி கடல் பாத்ததே இல்லல்லோ. அவனுக்குக் காய்ச்சல்னு பக்கத்து ரூம் அக்காட்ட விட்டுட்டுப் போயிட்டோம். அதான் கொண்டாந்தேன்."

டாக்டர் வெளியே போய்விட்டார். நான் கிளம்ப எழுந்தபோது அவள் என் கையைப் பிடித்தாள்.

"மாமி, தம்பியக் கடலுக்கே கூட்டிட்டுப் போனா அது அங்கயும் இருக்குமா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். படுக்கையில் கிடக்கிற குழந்தை, அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. ஆனால் இந்தத் தொழிலில் இருந்துகொண்டு அதைச் சொல்ல முடியாது.

"இருக்கும் கண்ணா. காத்தடிச்சா வரும். எப்போ வரும்னு எனக்கும் தெரியாது."

அவள் பிடித்த கையை விடவில்லை.

"அப்போ நீங்க முன்னால நடங்க," என்றாள். "நாங்க பின்னால வாறோம்."